துறை தெரியாத ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி: கணிதம், கானா, தாமிரபரணி

பழக்கமில்லாத துறையின் ஆய்வுக் கட்டுரையை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை நேராகப் படிக்க முயலாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே நாளில் எண் கோட்பாட்டில் திட்டக் கட்டுரை எழுதும் எம்.எஸ்சி. மாணவர் வருவார். சென்னைக் கானாப் பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ்த்துறை மாணவி வருவார். தாமிரபரணித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேராக ஆய்வகம் போகிற விலங்கியல் மாணவரும் வழியில் எட்டிப் பார்ப்பார். மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேடம், கைடு சொன்ன கட்டுரையில பாதி வேற டிபார்ட்மென்ட் சமாச்சாரமா இருக்கு, இதை எப்படிப் படிக்கிறது?"

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. ஒவ்வொரு துறைக்கும் "இதைக் காட்டினால் நம்புவேன்" என்று ஒன்று இருக்கிறது. கணிதத்தில் அது நிரூபணம். இசைப் பண்பாடு பற்றிய ஆய்வில், பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் சொன்ன சொற்கள், அவற்றைக் கேட்டவர் அங்கே இருந்த விதம். ஆற்று ஆய்வில், தண்ணீரை எங்கே, எப்போது, எப்படி எடுத்தார்கள் என்பது. கட்டுரையில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். முன்னுரையும் முடிவுரையும் அப்புறம்.

முதலில் கட்டுரை கையில் கிடைக்க வேண்டும்

கணிதக் கட்டுரை தேடுவது எளிது. ஆர்க்சிவ் என்ற தளத்தில் 1991 முதல் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதழில் வெளிவந்தபின் பணம் கேட்கும் பல கட்டுரைகளின் முன்வடிவம் அங்கே இருக்கும். இந்திய அறிவியல் அகாதமியின் பழைய இதழ்களும் அகாதமியின் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. சமூகவியல், இசை என்றால் ஜேஸ்டோர் என்ற இதழ்க் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறக்கும். உதவிபெறும் கல்லூரி என்றால் என்-லிஸ்ட் மின்னிதழ்த் திட்டத்தின் கடவுச்சொல்லை நூலகரிடம் கேளுங்கள். வாங்கி வைத்திருப்பதே உங்களுக்காகத்தான், தயங்க வேண்டாம்.

கானா போன்ற ஆய்வுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்வர வேண்டும். பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் அங்கே உண்டு.

இதழ் நம்பகமானதா என்று பார்க்க முன்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கேர் இதழ்ப் பட்டியலைக் காட்டுவோம். அதை யுஜிசி கைவிட்டுவிட்டது. இப்போது நாமே பார்க்க வேண்டியதுதான்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அந்தத் துறையில் எழுதுகிறவர்களா, கட்டுரையை அனுப்பிய தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் நடுவே ஒழுங்காக மதிப்பிடும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா? ஒரே இதழில் கணிதமும் கானாவும் மீன்வளமும் கலந்து வந்தால் விலகிவிடுங்கள்.

கணிதம்: பென்சில் இல்லாமல் உட்காராதீர்கள்

கணிதக் கட்டுரையில் முதலில் தேடவேண்டியது முதன்மைத் தேற்றம். பெரும்பாலும் முன்னுரையின் முதல் இரண்டு பக்கங்களுக்குள் தனிப் பத்தியாக நிற்கும். அதில் வரும் சொற்களின் வரையறைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நிரூபணத்துக்குள் நுழையாமல், சிறிய எண் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

நம்மூர்க்காரர் ஒருவரின் முடிவை வைத்தே காட்டுகிறேன். குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901-ல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை, முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1940-ல் அவர் நிறுவிய ஒரு முடிவு இது: எந்த இயல் எண்ணை எடுத்தாலும், அதை அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுதிவிடலாம், 73-ஐவிடக் குறைத்தால் எல்லா எண்ணுக்கும் போதாது. ஆறாம் அடுக்கு என்றால் ஓர் எண்ணை ஆறு தடவை போட்டுப் பெருக்கியது: 1, 64, 729 இப்படிப் போகும்.

இப்போது பென்சிலை எடுங்கள். 703 என்ற எண்ணைப் பாருங்கள். 729 அதைவிடப் பெரியது, ஆகவே கையில் 64-ம் 1-ம் மட்டுமே. பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று 1 போட வேண்டும். மொத்தம் 73. இதைக் குறைக்க வழியே இல்லை. ஆக "73-க்குக் குறைந்தால் போதாது" என்ற பாதியை நாமே நாலு வரியில் சரிபார்த்துவிட்டோம். "73 எப்போதும் போதும்" என்ற மறு பாதிதான் கடினம். எண்கள் முடிவில்லாமல் நீள்வதால் எத்தனை எண்ணைச் சோதித்தாலும் தீராது. கட்டுரையின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பாதி நம் கைக்கு எட்டுகிறது, எந்தப் பாதிக்கு நிரூபணம் தேவை என்று பிரித்துத் தெரிந்துகொண்டாலே வேற்றுத் துறைக்காரருக்கு அந்தக் கட்டுரை பாதி திறந்துவிடும்.

பிள்ளை 1950-ல், அமெரிக்காவில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் தெரியாமலே இந்த மாவட்டத்தில் கணிதம் படித்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முழுக் கட்டுரை ஒன்றைப் படித்துப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் எடுத்துத் தருவது, ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்கும் வழியைக் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002-ல் கண்டுபிடித்த கட்டுரை. 2004-ல் அச்சானபோது 13 பக்கம்தான். அதன் தொடக்கப் புள்ளி பாஸ்கல் முக்கோணம்: ஓரங்களில் 1, நடுவில் ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டு. உச்சியில் உள்ள 1-ஐப் பூஜ்ய வரிசை என்று வைத்து எண்ணுங்கள். 5-ஆம் வரிசை: 1, 5, 10, 10, 5, 1. முனையில் உள்ள 1-களை விட்டால் எல்லாமே 5-ஆல் வகுபடும். 4-ஆம் வரிசை: 1, 4, 6, 4, 1. இதில் 6, 4-ஆல் வகுபடாது. பகா எண்ணின் வரிசையில் மட்டும்தான் நடுவில் உள்ள அத்தனையும் வகுபடும். சரி, இதுவே சோதனைதானே என்றால், நூறு இலக்க எண்ணுக்கு அந்த வரிசையை எழுதி முடிக்கவே முடியாது. அந்த வேலையை எப்படிச் சுருக்கினார்கள் என்பதுதான் கட்டுரை. ஆறு அடியில் செய்முறை தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நிரூபணத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும், இந்த மூவர் பெயரும் அப்படித்தான். முதல் பெயர்க்காரர்தான் அதிகம் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள். ஆற்று ஆய்வில் வழக்கம் வேறு: முதல் பெயர் பெரும்பாலும் களத்தில் இறங்கி வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிகாட்டியுடையது.

கானா: யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

இளைஞர்களின் இசைக் குழுக்களை ஆராயும் படிப்புக்கு ஒரு வரலாறு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கட்டுரைகள் புரியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964-ல் ஒரு பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கினார்கள். 1970-களில் அங்கிருந்தவர்கள் மாட், பங்க் போன்ற இளைஞர் கூட்டங்களின் உடையையும் தலைமுடியையும் பாட்டையும் உழைக்கும் வர்க்கத்தின் எதிர்ப்பாகப் படித்தார்கள். பெரிய பாய்ச்சல் அது. ஆனால் அந்தப் பையன்களிடமே உட்கார்ந்து பேசியது குறைவு என்றும், பெண்பிள்ளைகள் இந்த ஆய்வுகளில் காணாமல் போகிறார்கள் என்றும் கேள்விகள் எழுந்தன. இரண்டாவது கேள்வி அந்த மையத்துக்குள்ளிருந்தே வந்தது.

அந்த இரண்டு கேள்விகளையும் இன்றைய கானாக் கட்டுரை ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். கானா வடசென்னையின் தலித், உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானா அதன் உயிரான வடிவங்களில் ஒன்று. 1990-களில் திரைப்படம் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 2018 ஜனவரியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் வைத்துச் சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பாடியது. இவற்றில் எந்தக் கானாவைப் பற்றிக் கட்டுரை பேசுகிறது? சாவு வீடு, சினிமா, மேடை, யூடியூப் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் கட்டுரைகளை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்து, ஆய்வாளர் எங்கே இருந்தார்? வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ எவ்வளவு காலம் பழகினார், யார் அறிமுகம் செய்துவைத்தார், எந்தச் சாதியிலிருந்து எந்த வீட்டுக்குள் போனார்? நல்ல கட்டுரைகள் இதை மறைக்காமல் "நான்" என்று எழுதிச் சொல்லும். அறிவியல் மாணவர்கள் அந்த "நான்" வந்ததுமே முகம் சுளிப்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் கட்டுரையில் எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று எழுதுகிறீர்களே, இங்கே அந்தக் கருவி அந்த மனிதர்தான். அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அளவை எப்படி நம்புவது?

பிறகு பாடகரின் பேச்சு எத்தனை இடத்தில் நேரடியாக வருகிறது என்று பாருங்கள். எட்டுப் பக்கம் கோட்பாடு பேசிவிட்டு, பாடகரின் ஒரு வரியை ஓரத்தில் ஒட்டவைத்திருந்தால் அந்த முடிவு ஆய்வாளரின் மேசையில் பிறந்தது. பாட்டு, பாடியபடியே முழுதாக இருக்கிறதா, எங்கே எப்போது கேட்டது என்ற குறிப்போடு? இறந்தவர் யார், பாடச் சொன்னது யார், காசு கொடுத்தது யார், பெண்கள் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள்? இதெல்லாம் தெரிந்தபிறகு "எதிர்ப்பின் குரல்" என்று எழுதினால் நான் நம்புவேன். அந்தப் பாட்டு அந்த ராத்திரி ஒரு குடும்பத்தின் துக்கமும்தான், கோட்பாட்டுக்காக அதைத் தள்ளிவிடக் கூடாது.

தாமிரபரணி: முதலில் வரைபடம், அடுத்து தேதி

நான் மிகவும் அக்கறையோடு சொல்லிக்கொடுப்பது இந்தப் பகுதியைத்தான், இந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் எல்லாரும் குடிக்கிறோம்.

ஆற்றுக் கட்டுரையைத் திறந்ததும் மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்துக்குப் போங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. நடுவே கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று பல ஆறுகள் வந்து கலக்கின்றன. "தாமிரபரணி நீர் மாசடைந்துள்ளது" என்று ஒரு கட்டுரை சொன்னால், பாபநாசத்திலா, சேரன்மகாதேவியிலா, நெல்லை நகரத்துச் சாக்கடைகள் கலந்த பிறகு வண்ணார்பேட்டைக்குக் கீழேயா என்று கேளுங்கள். அணைக்கட்டுக்கு மேலே தேங்கிய நீரா, வழிந்து விழுந்த நீரா? விழும்போது தண்ணீர் காற்றை வாங்கிக்கொள்ளும். ஒரே அணைக்கட்டின் இரு பக்கமும் கரைந்த ஆக்சிஜன் வேறுபடும்.

அடுத்து தேதி. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் எடுத்த நீரையும் மே மாத நீரையும் ஒரே அட்டவணையில் வைத்துச் சராசரி போட்டால் அந்தச் சராசரி எந்த நாளின் ஆற்றையும் காட்டாது. 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை ஒப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும். ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறையில் எடுத்த நீர் சாதாரண நாளின் நீர் அல்ல. அங்கே பரிகாரம் செய்கிறவர்கள் துணிகளை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது வெகுநாளாக நடக்கும் கொடுமை. 2018 அக்டோபர் புஷ்கர நீராடல் விழாவின்போது எடுத்ததும் அப்படித்தான். நேரத்தையும் பாருங்கள்: பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளியிடுவதால் விடிகாலை அளவும் நண்பகல் அளவும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் சூடாக ஆக அது தாங்கும் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.6.

மூன்றாவது, சோதனை முறை. நீரில் அழுகும் பொருள் எவ்வளவு என்று காட்டும் பிஓடியை இந்தியத் தரத்தில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். பல வெளிநாட்டுக் கட்டுரைகளில் 20 டிகிரியில் 5 நாள். எந்த முறை என்று எழுதாத கட்டுரையின் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கத் தகுந்த நீருக்கு வகுத்த அளவு: லிட்டருக்குப் பிஓடி 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது, 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவுக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 500-க்குள். இந்த மூன்று எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் கண் தானாக ஒப்பிடும்.

கோலிஃபார்ம் அட்டவணையில் சராசரி மட்டும் இருந்தால் உஷாராகுங்கள். ஐந்து மாதிரிகளில் 200, 300, 400, 500, 24,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 5,080. நடு எண் 400. சராசரியைச் சொன்னால் ஆறு முழுக்கக் கெட்டது, நடு எண்ணைச் சொன்னால் ஆறு குளிக்கத் தகுந்தது. இரண்டுமே நடந்ததைச் சொல்லவில்லை. அந்த 24,000 வந்த இடத்தில் ஒரு சாக்கடைக் குழாய் இருக்கும், அதைத் தேடிப் போகவேண்டும் என்பதுதான் இந்த எண்களின் செய்தி. ஆகவே தனித்தனி அளவுகளைக் கொடுக்காத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

வேதியியல் மட்டும் ஆற்றுப் பாதுகாப்பு ஆகாது. மணிமுத்தாறில் உள்ள, ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு கணக்கெடுக்கிறது. அத்தகைய தரவில் பார்க்க வேண்டியது: ஆண்டுதோறும் அதே குளங்களைத்தான் எண்ணினார்களா, அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் இருந்ததா?

துறைகள் ஒன்றில் ஒன்று நுழையும் இடம்

1925-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் இருவரும் ஒகையோ ஆற்றை ஆராய்ந்து ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். இன்றும் ஆற்றுக் கட்டுரைகளில் அது வந்துகொண்டே இருக்கிறது. சாக்கடை கலந்ததும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்னத் தொடங்குகின்றன. காற்று மேற்பரப்பின் வழியே ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆக்சிஜன் அளவு துணி காயப்போட்ட கொடிக்கயிறு போலத் தொய்ந்து மீண்டும் ஏறும். மிகத் தாழ்ந்த இடம் சாக்கடை வாய் அல்ல, அதற்குக் கீழே எங்கோ. குழாய் வாயில் மட்டும் அளந்துவிட்டு வந்தவர் மீன்கள் மூச்சுத் திணறும் இடத்தைப் பார்க்கவே இல்லை.

இப்படிப்பட்ட கட்டுரையை இரண்டு தடவை படியுங்கள். ஒரு தடவை கணிதக்காரராக: என்னென்ன எடுகோள்கள்? ஒரே இடத்தில் கலக்கும் சாக்கடை, மாறாத நீரோட்டம். இன்னொரு தடவை ஆற்றங்கரைக்காரராக: எட்டு அணைக்கட்டும் வரிசையாகச் சாக்கடைகளும் உள்ள ஆற்றில் அந்த எடுகோள் நிற்குமா? கணக்கில் பிழையே இல்லாமல் ஆற்றைப் பற்றித் தவறாகச் சொல்ல முடியும்.

பாட்டுகளை ஆயிரக்கணக்கில் கணினிக்குக் கொடுத்துப் புள்ளிவிவரம் எடுக்கும் கட்டுரைகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். தரவு எங்கிருந்து வந்தது? இணையத்தில் ஏற்றிய பாட்டுகள் என்றால் பதிவே ஆகாத சாவு வீட்டுப் பாட்டு அதில் இல்லை. கானாவின் தாளம் பற்றிய முடிவு என்று அதைச் சொல்ல முடியாது.

குறிப்பு எடுப்பதும் கடிதம் எழுதுவதும்

படித்து முடித்ததும் கட்டுரைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் தமிழில் இரண்டு வரி, எதைக் காட்டி நம்பச் சொல்கிறது, நீங்களே சரிபார்த்தது எது, சரிபார்க்க முடியாதது எது. டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரையின் நிலையான அடையாள எண்ணை, மறக்காமல் மேலே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தக் கட்டுரை என்று தேடி அலைய வேண்டியிராது.

புரியாத இடத்தைக் கட்டுரை ஆசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சல் முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பதில் வந்திருக்கிறது, தமிழில் எழுதியவர்களுக்கும். கணிதக்காரரிடம் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். "புரியவில்லை" என்றால் அவரால் உதவ முடியாது. ஆற்று ஆய்வாளரிடம் மாதிரிவாரியான மூல அட்டவணையைக் கேளுங்கள், இடம், தேதி, நேரத்தோடு. கானா ஆய்வாளரிடம், பாடகர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் எவையென்று கேட்கலாம், களக்குறிப்பில் ஒரு பகுதியைக் கேட்கலாம். சாவு வீட்டில் எடுத்த ஒலிப்பதிவை மட்டும் கேட்காதீர்கள். அதைக் கொடுக்கும் உரிமை அந்த வீட்டாருக்கும் பாடகருக்கும்தான். வேண்டுமென்றால் பாடகரிடம் அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள், நேரில் போய்க் கேளுங்கள்.